தராசுக்காரர் கழற்றிய மோட்டார்

என் வீட்டுக்காரரிடம் மணி கேட்டால்கூடப் பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும். கடிகாரத்தைப் பார்ப்பார், அது எத்தனை நிமிடம் முந்தி ஓடுகிறது என்று யோசிப்பார், மனதுக்குள் கழிப்பார், அப்புறம் "மூணு இருபத்தாறு" என்பார். அதற்குள் இருபத்தேழு ஆகியிருக்கும். இப்படி ஒரு ஆளோடு முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தியவள் நான். என் பொறுமையைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது.

கடைகளிலும் குடோன்களிலும் இருக்கிற தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவது இவர் தொழில். ஊருக்கெல்லாம் இவர் தராசுக்காரர். எடைக்கற்களை ஒரு மரப்பெட்டியில் வைத்திருப்பார். உள்ளே நீல வெல்வெட் துணி, அது நான் தைத்துப் போட்டது. கல்லை விரலால் தொடமாட்டார். விரலின் பிசுக்கு ஏறினால் எடை கூடிவிடுமாம், ஒரு சின்ன இடுக்கியால்தான் எடுப்பார். எடை குறைத்துப் போடுகிற கடைக்காரனைக் கையும் களவுமாகப் பிடித்தால்கூட "ஏமாத்துறியா?" என்று கேட்டதில்லை. "தராசு களைச்சுப் போச்சு, மாத்திடுங்க" என்பார். கடைக்காரன் தலையைக் குனிந்துகொண்டு மாற்றிவிடுவான். வெளியே இதையெல்லாம் நான் கேலியாகத்தான் சொல்வேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமை.

நான் திரைச்சீலையும் சோபா உறையும் தைக்கிறவள். முன்னறையில் என் மிஷின், அதை ஒட்டிச் சாப்பாட்டு மேஜை, வாசலில் இவருடைய ஜீப். மலையில் இருக்கிற குடோன்களுக்குப் போய்வர, யாரோ ஓட்டித் தேய்த்துவிட்டுத் தள்ளிவிட்ட வண்டியை இவர் வாங்கினார். "நாலு சக்கரமும் இழுக்கும், தெரியுமா?" என்று வாங்கிய அன்றைக்கு என்னை உட்கார வைத்து ஒரு மணி நேரம் விளக்கினார். நான் கேட்கவே இல்லை. ஆனால் எனக்குப் பாடமாகிவிட்டது. சாதாரணமாகப் பின்சக்கரம் இரண்டும்தான் வண்டியைத் தள்ளும். சேற்றில் மாட்டிக்கொண்டால் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிற குமிழைத் திருப்ப வேண்டும், முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். குமிழ் சும்மா உத்தரவு போடுவதுதான். வேலையைச் செய்கிறது வண்டிக்கு அடியில், கியர் பெட்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு கைப்பிடி அளவு மோட்டார். அது ஒரு இரும்புத் தண்டைக் கொஞ்சம் திருப்பிவிடும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சம் திருப்பலில்தான் எல்லாம் கெட்டது.

இவருக்கு ஒரே அக்கா. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் இவரை வளர்த்து ஆளாக்கியது அந்த அக்காதான். இவர் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று தான் போகாமல் நின்றவர். இவருக்கு ஐம்பத்தெட்டு வயசான பிறகும் போனில் "டேய், சாப்பிட்டியாடா?" என்றுதான் ஆரம்பிப்பார். இவர் "ம், சாப்பிட்டேன்க்கா" என்று பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுந்து நின்று பதில் சொல்வார். நாத்தனாரின் கணவர் மலையுச்சியில் இருக்கிற நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்தார். அவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. குடியிருந்த வீடு வேலைக்காகக் கொடுத்த வீடு, மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

போக நாத்தனாருக்கு இரண்டு இடம் இருந்தது. ஒன்று எங்கள் வீடு. இன்னொன்று, ரயிலில் இரண்டு நாள் தள்ளி இருக்கிற அவருடைய கொழுந்தனார் வீடு. அந்த வீட்டில் வேலை செய்ய ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், அக்கா வேண்டும் என்று இல்லை. அது நாத்தனாருக்கும் தெரியும். ஆனால் ரோஷக்காரர். போனில் இவரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"டேய், நீ வந்து கூப்பிட்டா உன் வீட்டுக்கு வர்றேன். ஆள் அனுப்பினா வரமாட்டேன். நானா மூட்டையைத் தூக்கிட்டு வந்து உன் வாசல்ல நிக்கவும் மாட்டேன். நீ வரலைன்னா கொழுந்தன் வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

"நான் வராம வேற யாரு வருவாக்கா?" என்றார் இவர்.

பதினெட்டாம் தேதி கிளம்பிப் போனார். மழை அப்போதுதான் பிடித்திருந்தது. கடைசி நாலு கிலோமீட்டர் வெறும் களிமண் ஏற்றம். பாதியில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்திருக்கிறது. குமிழைத் திருப்பியிருக்கிறார். குமிழ் பக்கத்தில் இருக்கிற சின்ன விளக்கு மினுக் மினுக்கென்று மின்னியதே தவிர முன்சக்கரம் அசையவில்லை. பின்பக்கமாகவே வழுக்கி இறங்கி, ஓரத்து மேட்டில் முட்டி நின்று, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். ஏறி நடந்து போகலாம் என்றால் இவருக்கு முழங்கால் தேய்மானம். நடந்து இறங்கலாம் என்றால் நாத்தனாருக்கு மூச்சிரைப்பு.

வந்ததும் போன் போட்டார். "அக்கா, வண்டியில மோட்டார் மக்கர் பண்ணுது. சரி பண்ணிட்டு வந்துடறேன்."

"பண்ணிட்டு வாடா. பத்து நாளுக்கு மேல இருக்கே" என்றார் நாத்தனார்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கல்யாணமான இரண்டாம் வருஷம் எனக்கு நாலு மாதத்தில் கலைந்துபோனது. அப்போதும் நான் மிஷினை மிதித்துக்கொண்டுதான் இருந்தேன், வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லத் தெரியாத வயசு. நாத்தனார் வந்து பத்து நாள் கூட இருந்து பார்த்துக்கொண்டார். சமைத்துப் போட்டார், தலை வாரிவிட்டார், துணியெல்லாம் துவைத்தார். பதினோராம் நாள் அடுத்த வீட்டு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "மிஷினை மிதிச்சு மிதிச்சே புள்ளையைக் கலைச்சிட்டா." அதற்குப் பிறகு எனக்குத் தங்கவே இல்லை.

இதை நான் இவரிடம் சொன்னதில்லை. மென்று முழுங்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். முழுங்கவில்லை, கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்திருக்கிறேன். நாத்தனார் எங்கள் வீட்டுக்கே வந்துவிடப் போகிறார் என்றதும் வாயெல்லாம் கசந்தது. ஆனாலும் "வரட்டும், அவங்களுக்கு வேற யாரு இருக்கா?" என்று வாயால் சொன்னேன். பின்னறையைக்கூட ஒழித்துப் போட்டேன்.

பத்தொன்பதாம் தேதி காலையில் என் பழைய திரைச்சீலை ஒன்றை வாசலில் விரித்து, அதில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனார். மூன்றே மூன்று போல்ட்தான். இரண்டு சமர்த்தாகக் கழன்று வந்தது. மூன்றாவது துருப்பிடித்து ஒற்றைக்காலில் நின்றது. எண்ணெய் விட்டார், தட்டினார், மறுபடி எண்ணெய் விட்டார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது அடியிலிருந்து இரண்டு கால் மட்டும்தான் தெரிந்தது. "இதோ வந்துடறேன்" என்றது அந்தக் கால். சாயங்காலம்தான் மோட்டாரோடு எழுந்து வந்தார், முகமெல்லாம் மண், ஆனால் ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி சிரிப்பு.

சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்தாயிற்று. அன்றிலிருந்து நாங்கள் மடியில் தட்டு வைத்துத்தான் சாப்பிட்டோம். மூடியைத் திறந்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். ஒயர் நுழைகிற இடத்தில் ரப்பர் வெடித்து, அந்த வழியாகத் தண்ணீர் இறங்கியிருந்தது. உள்ளே போட்ட கிரீஸ் இறுகி, பழைய மெழுகு மாதிரி பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. செம்புத் தகடுகளில் பச்சைப் பாசி. கரித்தூள் எல்லா இடத்திலும். "பாரு, எத்தனை வருஷமா மூச்சு முட்டிக் கிடந்திருக்கு" என்று மோட்டாருக்காகப் பரிதாபப்பட்டார்.

வேறு யாராவது என்றால் மளமளவென்று கழற்றித் துடைத்து மாட்டியிருப்பார்கள். இவரா? ஒவ்வொரு பாகத்தையும் காகிதத்தில் வரைந்தார். வரைந்ததற்கு நம்பர் போட்டார். அந்த நம்பர்ப்படி கிண்ணங்களில் பிரித்து வைத்தார். என் சமையலறையில் கிண்ணமே இல்லை. என் பல் தேய்க்கிற பிரஷ் போனது, மிஷின் எண்ணெய் போனது, பெரிய ஊசி இரண்டு போனது. "என்னையும் கழட்டி ஒரு கிண்ணத்துல போட்டுடுங்க" என்றேன். "உனக்கு எந்தக் கிண்ணமும் பத்தாது" என்றார். சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

மறுநாள் கிரீஸும் புது ரப்பர் வளையமும் வாங்கிவர என்னைத் தாடியின் பட்டறைக்கு அனுப்பினார். தாடி எங்கள் தெருமுனை மெக்கானிக். தாடியை எடுத்துப் பத்து வருஷம் ஆகிறது, பெயர் மட்டும் போகவில்லை. வளையத்தைத் தேடிக்கொண்டே விஷயத்தை விசாரித்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன், மேட்டு வழி, மாதக் கடைசி, அக்காவின் பிடிவாதம் எல்லாம்.

அவன் சாதாரணமாகச் சொன்னான். "இதுக்கு ஏன்க்கா மோட்டார் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும்? மோட்டாரைக் கழட்டின இடத்துல ஒரு தண்டு நீட்டிக்கிட்டு நிக்கும். வண்டியை நிறுத்திட்டு, அடியில படுத்து, குறடால அந்தத் தண்டைப் புடிச்சு ஒரு திருகு. நாலு சக்கரமும் புடிச்சிக்கும். அப்படியே மேல போய் அவங்களைக் கூட்டிட்டு வந்து, மறுபடி திருகி விட்டுட்டாப் போச்சு. ரெண்டு நிமிஷ வேலை. அண்ணனுக்கு இது தெரியாது போல. போனதும் சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்" என்றேன்.

பட்டறையிலிருந்து எங்கள் வீடு முந்நூறு அடி இருக்கும். அந்த முந்நூறு அடியில் நான் ஒன்றும் பெரிதாகத் திட்டம் போடவில்லை. சொன்னால் இன்றைக்கே கிளம்பிவிடுவார், சாயங்காலம் நாத்தனார் பின்னறையில் இருப்பார் என்று மட்டும் தோன்றியது. நாளைக்குக் காலையில் என் மிஷின் சத்தம் கேட்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று தோன்றியது. இன்னும் ஒரு நாள் போகட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

உள்ளே நுழைந்ததும் இவர் தலை நிமிராமல் கேட்டார். "தாடி வேற ஏதாவது சொன்னானா?"

"இல்லையே" என்றேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். மறக்கவில்லை. கேட்ட கேள்விக்கு நேராகப் பொய் சொன்னேன்.

அடுத்த நாள் சொல்ல நினைத்தபோதுதான் தெரிந்தது, அது நேற்றையவிடக் கஷ்டம் என்று. நேற்று ஏன் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் வைத்திருக்க வேண்டும். அதற்கு அடுத்த நாள் இன்னும் கஷ்டம். இவர் பாட்டுக்கு மண்ணெண்ணெயில் பல்சக்கரங்களை ஊறப்போட்டு, ஊசியால் பல் பல்லாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். செம்புத் தகடுகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். மோட்டாருக்குள் மின்சாரம் கொடுக்கிற கரித்துண்டு ஒன்று தேய்ந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தது. அதற்கென்று தனியாகக் கிடைக்கவில்லை. எங்கள் பழைய மிக்ஸியைக் கழற்றி, அதிலிருந்த பெரிய கரித்துண்டை எடுத்து, ஒன்றரை நாள் அரத்தால் ராவி ராவி அதே அளவுக்குக் கொண்டுவந்தார். நடுநடுவே ஊதிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

"அக்கா வந்ததும் முதல்ல இதைக் காட்டணும்" என்றார் ஒரு தடவை. "மிக்ஸிக் கரியை வெச்சு நாலு சக்கரத்தை ஓட்டினேன்னு சொன்னா, டேய் உனக்குக் கைல ஏதோ இருக்குடான்னு சொல்லும்."

நான் உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். நூல் அறுந்துபோனது.

இருபத்து நாலாம் தேதி மாட்டிப் பார்த்தார். குமிழைத் திருப்பினால் பழையபடி மினுக் மினுக். மறுபடி வண்டிக்கு அடியில், மறுபடி மேஜை. அரை நாள் தேடியபிறகு தப்பு பிடிபட்டது. தண்டு எந்த நிலையில் நிற்கிறது என்று வண்டிக்குச் சொல்வதற்காக உள்ளே ஒரு வட்டத் தகடு இருக்கிறது. அதை வரைந்தபோது காகிதத்தைத் தலைகீழாக வைத்து வரைந்திருக்கிறார். அப்படியே தலைகீழாக மாட்டியும்விட்டார். நம்பர் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, காகிதம்தான் திரும்பியிருந்தது. வாழ்நாள் முழுக்கத் தராசு தப்பைக் கண்டுபிடித்தவருக்கு இது பெரிய அடி. ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் நாத்தனார் போன் செய்தார். "டேய், எப்போடா வர்றே? கொழுந்தன் வேற ரயிலுக்குச் சீட்டுப் போடவான்னு கேட்டுக்கிட்டே இருக்கான்."

"ரெண்டு நாள்க்கா. ஒரு தகட்டைத் தலைகீழா மாட்டிட்டேன்."

"ஒரு மோட்டாரை எத்தனை நாள்டா துடைப்பே?" என்று கேட்டார். குரலில் சிரிப்பு இல்லை.

இவர் போனை வைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிறகு, "பேசாம ஒரு வாடகை வண்டி எடுத்துட்டுப் போயிடவா? அந்த ஏத்தத்துல ஏறக்கூடிய வண்டியா கேட்டுப் பார்க்கலாம்" என்றார். அதுவும் நல்ல வழிதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "போங்க, வேண்டாம்னா சொல்றேன்? ஆனா உங்க அக்கா வாடகை வண்டியில ஏறுவாங்களா? கூட்டிட்டுப் போகச் சொந்த வண்டிகூட எடுத்துட்டு வரலைன்னு ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவாங்க" என்றேன். நாத்தனாரின் குணம் தெரிந்தவர்களுக்கு அது உண்மை மாதிரியே இருக்கும். இவர் தலையாட்டிவிட்டு மறுபடி மேஜைக்குப் போனார்.

தன் வரைபடத்தையே நம்பாமல் எல்லாவற்றையும் மறுபடி கழற்றி, முதலிலிருந்து வரைய ஆரம்பித்தார். இருபத்தேழாம் தேதி மத்தியானம் இவர் மேஜை மேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். கையில் இடுக்கி அப்படியே இருந்தது. நகக்கண்ணெல்லாம் பச்சையும் கறுப்புமாக இருந்தது. இதற்கு மேல் முடியாது, எழுப்பிச் சொல்லிவிட வேண்டும் என்று தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்து, "என்ன, அக்கா போனா?" என்றார். "இல்ல, டீ போடவான்னு கேட்கத்தான்" என்றேன். டீ போட்டேன். அதுதான் என்னால் முடிந்தது.

இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் மோட்டார் வேலை செய்தது. குமிழைத் திருப்பியதும் அடியில் விர்ரென்று ஒரு சின்னச் சத்தம், அப்புறம் டக். விளக்கு மின்னாமல் நின்று எரிந்தது. "நீ வந்து திருப்பு, நீ திருப்பிப் பாரு" என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். திருப்பினேன். டக். மறுபடி திருப்பச் சொன்னார். டக். வாசலில் நின்றுகொண்டு ஐம்பத்தெட்டு வயசு மனுஷர் கை தட்டினார். அக்காவுக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. மலையில் மழை பெய்தால் போன் கிடைக்காது, அது வழக்கம்தான்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். "நீயும் வா. நீ வந்து கூப்பிட்டா அக்காவுக்கு இன்னும் சந்தோஷமா இருக்கும்" என்றார். என்ன சொல்லி மறுப்பது? போனேன். களிமண் ஏற்றத்தில் வண்டி நின்றதும் குமிழைத் திருப்பினார். வண்டி ஒரு வழுக்கல்கூட இல்லாமல் சமர்த்தாக ஏறியது. அப்படி ஒரு சரியான ரிப்பேரை நான் பார்த்ததே இல்லை. வழியெல்லாம் இவர் பேசிக்கொண்டே வந்தார். பின்னறையில் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட வேண்டுமாம். அக்காவுக்குக் காற்று வேண்டுமாம்.

வீடு பூட்டியிருந்தது. புதிதாக வந்த பம்ப் ஆபரேட்டர் சாவியோடு வந்தார். முந்தின நாள் மத்தியானமே கொழுந்தனார் வந்து, நீரேற்று நிலையத்து டிராக்டரில் மலைக்கு மறுபக்கத்துச் சரிவு வழியாக நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டாராம்.

"ஏதாவது சொன்னாங்களா?" என்று இவர் கேட்டார்.

ஆபரேட்டர் தயங்கினார். "சொன்னாங்க சார். தப்பா எடுத்துக்காதீங்க. வர மனசில்லைன்னா நேரா சொல்லியிருக்கலாம், பத்து நாளா ஒரு மோட்டாரைத் துடைக்கிறேன்னு சொன்னா யார் நம்புவாங்கன்னு சொன்னாங்க."

இவர் உள்ளே போய்க் காலி அறைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு வண்டியைக் கீழே இறக்கினார். எனக்கு அந்த ஏற்றத்திலேயே இறங்கி எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது. நாத்தனார் வராமல் போனதில் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எங்கேயோ நினைத்திருந்தேன். ஒரு துளிகூட இல்லை.

ஒரு வாரம் கழித்துத்தான் நாத்தனார் போனை எடுத்தார். இவர் வழக்கம் போல எழுந்து நின்றுகொண்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"சொல்லுங்க தம்பி, நல்லா இருக்கீங்களா?"

இவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து "டேய்" என்று கூப்பிட்ட வாய் அது. கோபித்தால்கூட "போடா" என்றுதான் சொல்லும். திட்டியிருந்தால் இவர் தாங்கியிருப்பார்.

"அக்கா, நான் நிஜமாவே மோட்டாரைத்தான்..."

"அதனால என்ன தம்பி? உங்களுக்கும் வேலை இருக்கும். நான் நல்லா இருக்கேன். நீங்க உடம்பைப் பார்த்துக்குங்க."

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இவர் போன் போடுவார். ஒவ்வொரு தடவையும் "நல்லா இருக்கீங்களா தம்பி?" நாலு நிமிஷம் பேசுவார்கள், மழை, வெயில், உடம்பு. வைத்துவிட்டு இவர் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நாலு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை பிரேக் பார்க்க வேண்டும் என்று ஜீப்பைத் தாடியின் பட்டறைக்குக் கொண்டுபோனார். சோபாக் கடைக்கு உறை கொடுக்க வேண்டியிருந்ததால் நானும் கூட இருந்தேன். தாடி வண்டிக்கு அடியில் படுத்தபடி பேசிக்கொண்டிருந்தான்.

"மோட்டாரைப் புதுசு மாதிரி பண்ணியிருக்கீங்கண்ணே. ஆனா அன்னிக்கு அவசரத்துக்குத் தண்டைக் குறடால திருகிட்டுப் போயிருந்தா, உங்க அக்காவை அன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கலாம்ல? கிரீஸ் வாங்க வந்தப்போ வீட்டுல அக்காகிட்டச் சொல்லி அனுப்பினேனே. சொல்லலையா?"

நான் உறை மூட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சொன்னா, சொன்னா" என்றார் உடனே. "நான்தான் காதுல வாங்கல. உள்ள வரைக்கும் சுத்தம் பண்ணிடணும்னு எனக்கு ஒரு வீம்பு."

"நீங்க அப்படித்தாண்ணே" என்று தாடி அடியிலிருந்து சிரித்தான்.

இவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். பிரேக் வேலை முடிந்தது. உறையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். வெயில் ஏறிவிட்டது என்றார், மளிகைக் கடையில் ஏதாவது வாங்க வேண்டுமா என்றார். எப்போதும் போலவே பேசினார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் என்னால் முடியவில்லை.

"ஏன் கேட்க மாட்டேங்கிறீங்க?" என்றேன். "ஏன்டி சொல்லலைன்னு ஒரு தடவை கேளுங்க. கன்னத்துல அறையக்கூடச் செய்ங்க."

இவர் சாவியை எடுக்காமல் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டா நீ காரணம் சொல்வே. காரணம் இல்லாம நீ அப்படிப் பண்ற ஆள் இல்ல. அதைக் கேட்டப்புறம் நான் அக்காவைப் பழையபடி நினைக்க முடியாது. கேட்காம இருந்தா, உன்கூடவாவது பழையபடி இருக்கப் பார்க்கலாம். எனக்கு இருக்கறது நீங்க ரெண்டு பேர்தான்."

இறங்கி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இவர் போன் போடுவதற்கு முன்னால், இவர் குளிக்கப் போன நேரத்தில் நான் நாத்தனாரைக் கூப்பிட்டேன். முப்பத்தோரு வருஷத்தில் நானாகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. எல்லாவற்றையும் சொன்னேன். தாடி சொன்ன வழி, நான் மறைத்தது, வாடகை வண்டியைத் தடுத்தது, இவர் நகக்கண்ணில் பச்சையோடு மேஜையில் தூங்கியது, மிக்ஸிக் கரியைத் தேய்த்தது. மிஷின் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் மன்னிப்புக் கேட்பது சண்டையாகிவிடும்.

"அவர் மேல ஒரு தப்பும் இல்லை அண்ணி. எல்லாம் நான் பண்ணினது. அவர் உங்களைக் கூட்டிட்டு வரத்தான் ராப்பகலா உழைச்சார். நீங்க அவரைப் பழையபடி கூப்பிடணும் அண்ணி, அது போதும்" என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

போனை வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். வைக்கவில்லை.

"ஏம்மா," என்றார் நாத்தனார் கடைசியில். குரல் இளகியிருந்தது. என்னிடம் அந்தக் குரலில் அவர் பேசியதே இல்லை. "ரெண்டு நிமிஷத்துல திருகற விஷயம் பதினஞ்சு வருஷமா அந்த வண்டியை வெச்சிருக்கிறவருக்குத் தெரியாம இருக்குமா? புருஷன் பண்ணின தப்பை இப்படித் தன் தலையில தூக்கிப் போட்டுக்க எந்தப் பொண்ணுக்கு மனசு வரும்? உன்னை நான் என்னென்னமோ நினைச்சிருந்தேன். உன் வீட்டுக்காரர் குடுத்து வெச்சவர்மா."

குளியலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நாத்தனார் என்னைப் பற்றி இதுவரை சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.